நீளம் தாண்டும் குழியில் ஓர் அறிவியல் பாடம்

விளையாட்டு நேரத்தில் நம் பள்ளி மைதானங்களில் அடிக்கடி கேட்கும் சொற்கள் மூன்று: ‘வேகமாக ஓடு’, ‘நன்றாக எம்பு’, ‘பயப்படாதே’. மூன்றுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை. ஆனால், ஓடி வந்து தாண்டிவிட்டு மணலைத் தட்டியபடி எழும் மாணவிக்கு அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதை இவை சொல்வதில்லை. அவள் ஏற்கெனவே தன்னால் இயன்ற வேகத்தில்தான் ஓடி வந்திருக்கிறாள்.

எதை மாற்றுவது என்று கண்டுபிடிப்பதற்கு உடல் அசைவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பார்த்ததை அளக்க வேண்டும். இதைத்தான் விளையாட்டு அறிவியலில் அசைவுப் பகுப்பாய்வு என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் இதற்குத் தேவையான கருவிகள் நம் பள்ளிகளில் இருக்கின்றன: ஓர் அளவு நாடா, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், ஒரு கைபேசி. திருத்தணி வட்டாரத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றும் நான், எங்கள் உடற்கல்வி ஆசிரியருடன் சேர்ந்து நீளம் தாண்டும் குழியில் செய்துபார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன். எந்தப் பள்ளியிலும் அப்படியே செய்யக்கூடியவை இவை.

நூறில் ஒரு நொடி

அளப்பது ஏன் முக்கியம் என்பதற்கு மாணவர்களிடம் நான் சொல்லும் முதல் எடுத்துக்காட்டு பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.42 நொடி. மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடி. பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே இருந்தது நூறில் ஒரு நொடி.

இந்த நேரத்தைத் தூரமாக மாற்றச் சொல்லுங்கள். 400-ஐ 55.42-ஆல் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர். அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடிக்குக் கடக்கும் தூரம் சுமார் 7 சென்டிமீட்டர். ஒரு மாணவரின் உள்ளங்கை அகலம்! 400 மீட்டர் ஓட்டத்தில் ஓர் உள்ளங்கை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பில் ஒரு சிறிய அமைதி வரும். ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு விளையாட்டில் எவ்வளவு எடை என்பது அப்போது அவர்களுக்குப் புரிகிறது.

கண் தவறவிடுவது

சரி, அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே தொலைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியாதா? அனுபவம் வாய்ந்த உடற்கல்வி ஆசிரியர்களின் கண்ணுக்குப் பல விஷயங்கள் தெரியும். ஆனால் வேகமான அசைவில் மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு.

பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டில் நெடுநாள் விவாதமாக இருந்தது. 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ், பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் எழும்புவது உண்மைதான். ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் கால்களை நீட்டிய நிலையில் அல்ல. நான்கும் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேரும் நொடியில். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குதிரையோடு வாழ்ந்த மனிதனின் கண் இதைத் தவறவிட்டிருந்தது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த இந்தத் தமிழரின் பந்துவீச்சை 1995-ஆம் ஆண்டு மெல்போர்ன் டெஸ்ட் போட்டியில் நடுவர் ‘எறிதல்’ என்று கூறி ‘நோ பால்’ அறிவித்தார். பிறவியிலேயே அவரது முழங்கை முழுமையாக நீளாது. மடங்கியிருக்கும் கை வேகமாகச் சுழலும்போது, பார்ப்பவருக்கு அது நீள்வதுபோலத் தோன்றும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவரது கை அசைவு ஆராயப்பட்டது. அதன் பிறகு அவர் தொடர்ந்து பந்துவீச அனுமதி கிடைத்தது. 2004-இல் அவரது ‘தூஸ்ரா’ பந்து குறித்து மீண்டும் கேள்வி எழுந்தபோது ஆய்வகத்தில் அளந்தார்கள். முழங்கை நீட்சி சுமார் 14 பாகை இருந்தது. பயிற்சியால் அதைச் சுமார் 10 பாகைக்குக் குறைத்தார்.

அந்தக் காலத்தில் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, ‘நேரான கை’ என்று எல்லாரும் நம்பிய பலரின் முழங்கையும் ஓரளவு நீள்வது தெரிந்தது. அதன் விளைவாக 2005 மார்ச் முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக 15 பாகை என்ற வரம்பை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வகுத்தது. முரளிதரன் 800 விக்கெட்டுகளுடன் 2010-இல் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். அளவு என்ற ஒன்று இல்லாமல் கண்ணின் தீர்ப்பு மட்டுமே இருந்திருந்தால் அந்த 800 நமக்குக் கிடைத்திருக்காது.

இப்படிப் பந்துவீச்சை அளக்கும் ஆய்வகம் ஒன்று நம் சென்னையிலும் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஏற்பைப் பெற்றது. வெளிநாட்டு வீரர்களும் அங்கே வந்து தங்கள் பந்துவீச்சைச் சோதித்துக்கொண்டார்கள். அத்தகைய ஆய்வகங்களில் உடலின் மூட்டுகளில் ஒளியைத் திருப்பும் சிறு குண்டுகளை ஒட்டி, பல கேமராக்களால் படம் பிடித்து, கணினியில் கோணங்களைக் கணக்கிடுகிறார்கள். நம் மைதானத்தில் அவ்வளவு வசதி இல்லை. ஆனால் அதே அறிவியல் முறை நமக்கும் பொருந்தும்: ஒரு கேள்வியைத் தேர்ந்தெடு, அள, ஒன்றை மட்டும் மாற்று, மறுபடியும் அள.

பலகைக்கு முன்னால் தொலையும் தூரம்

நீளம் தாண்டுதலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் விதியிலேயே ஒரு நல்ல அறிவியல் கேள்வி ஒளிந்திருப்பதுதான். மணல் குழிக்கு முன்னால் பதித்திருக்கும் டேக்-ஆஃப் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். குழிப் பக்கம் உள்ள அதன் விளிம்பிலிருந்துதான் தூரம் அளக்கப்படும். காலின் நுனி அந்த விளிம்பைத் தாண்டினால் ஃபவுல். பலகைக்கு முன்பே கால் ஊன்றி எழும்பினால் ஃபவுல் இல்லை. ஆனால் அந்த இடைவெளி முழுவதும் கணக்கில் வராமல் போய்விடும்.

எனவே ஒவ்வொரு தாண்டலுக்கும் இரண்டு தூரங்கள் இருக்கின்றன. ஒன்று, நடுவர் எழுதும் தூரம். மற்றொன்று, கால் நுனியிலிருந்து மணலில் பதிந்த முதல் தடம் வரை மாணவர் உண்மையில் தாண்டிய தூரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பலகையில் தொலைந்த தூரம்.

இதை அளப்பது எளிது. பலகையிலும் அதற்கு முன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கும் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகத் தூவிவிட வேண்டும். ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் கால் தடம் தெளிவாகத் தெரியும். ஒரு மாணவர் இடைவெளியை அளக்க, இருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் எழுத, மீண்டும் தூளைச் சமன்படுத்தினால் அடுத்தவர் தாண்டலாம்.

குறுவட்டப் போட்டிக்கு மாணவியரைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் இதைச் செய்தோம். நாடா காட்டிய கணக்கில் முதலிடத்தில் இருந்த மாணவியின் தூரம் 3.68 மீட்டர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் 3.52 மீட்டருடன் மூன்றாவதாக இருந்தார். பள்ளியிலிருந்து இருவரை மட்டுமே அனுப்புவதாக இருந்ததால் வழக்கமான முறையில் அவர் பெயர் பட்டியலில் வந்திருக்காது. ஆனால் முதல் மாணவி பலகையில் இழந்தது 6 சென்டிமீட்டர். எட்டாம் வகுப்பு மாணவி இழந்தது 34 சென்டிமீட்டர். உண்மையில் தாண்டிய தூரத்தைப் பார்த்தால் முதலாமவர் 3.74, இவர் 3.86. எங்கள் பள்ளியின் சிறந்த தாண்டுநர் மூன்றாம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவரிடம் ‘இன்னும் எம்பு’ என்று ஆண்டு முழுவதும் சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவரிடம் குறை இருந்தது எம்புவதில் அல்ல. ஓடத் தொடங்கும் இடத்தில்.

சராசரியும் வீச்சும்

இழப்பைக் கண்டுபிடித்ததும் அடுத்த கேள்வி, அது ஏன் நிகழ்கிறது? இங்கே கணித வகுப்பு உதவிக்கு வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஐந்து தாண்டல்களின் இடைவெளிகளை எழுதச் சொல்லி, சராசரியையும் வீச்சையும் கணக்கிடச் சொன்னோம். வீச்சு என்பது மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு.

ஒரு மாணவியின் இடைவெளிகள் 34, 31, 38, 33, 36 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 34.4, வீச்சு வெறும் 7. இவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் ஓடி வருகிறார். தொடங்கும் இடம்தான் பின்னால் இருக்கிறது. தொடக்கக் குறியைச் சுமார் 30 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் போதும்.

இன்னொரு மாணவரின் இடைவெளிகள் 5, 60, 20, 48, 12 என்று இருக்கட்டும். சராசரி 29, வீச்சு 55. இவருக்குக் குறியை நகர்த்துவதால் பயன் இல்லை. நகர்த்தினால் சில தாண்டல்கள் ஃபவுல் ஆகிவிடும். இவருடைய ஓட்டமே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முதல் இரண்டு மூன்று எட்டுகளை ஒரே தாளத்தில் எடுத்துவைக்கும் பயிற்சிதான் இவருக்குத் தேவை. சராசரி ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு வெவ்வேறு மருந்து! சராசரி மட்டும் போதாது, பரவலையும் பார்க்க வேண்டும் என்பதைப் புள்ளியியல் பாடத்தில் இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடிந்ததில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1982-இல் டேவிட் லீ, லிஷ்மன், தாம்சன் ஆகிய ஆய்வாளர்கள் தேர்ந்த நீளம் தாண்டும் வீராங்கனைகளின் கால் தடங்களை ஆராய்ந்தார்கள். ஓட ஓடக் கால் பதியும் இடத்தில் சிறு சிறு மாறுபாடுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசிச் சில எட்டுகளில் வீராங்கனைகள் பலகையைக் கண்ணால் கணித்து எட்டின் நீளத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்று கண்டார்கள். ஆகவே மாணவர்களுக்குப் பலகையைத் தொலைவிலிருந்தே பார்க்கப் பழக்க வேண்டும். பலகைக்கு மிக அருகே வந்த பிறகு குனிந்து பார்ப்பவர் வேகத்தை இழக்கிறார்.

எட்டாம் வகுப்பு மாணவிக்குக் குறியை நகர்த்திய முதல் வாரத்தில் இடைவெளி 8 சென்டிமீட்டராகக் குறைந்தது. ஆனால் உண்மையான தூரமும் 3.70-ஆகக் குறைந்துவிட்டது. பலகையை மிதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கடைசி எட்டுகளைக் குறுக்கிவிட்டார். இரண்டு தூரங்களையும் எழுதிவைத்ததால்தான் இது தெரிந்தது. பலகையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி, தாளத்தோடு ஓடிவர மட்டும் பழக்கினோம். மூன்றாவது வாரத்தில் நடுவர் கணக்கிலேயே 3.75 வந்தது. குறுவட்டப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார். மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் இப்போது மற்ற மாணவியரின் இடைவெளிகளை அளந்து, ‘உனக்குக் குறியை மாற்ற வேண்டும், உனக்கு ஓட்டத்தை மாற்ற வேண்டும்’ என்று சொல்பவர் அவர்தான்.

கைபேசி எங்கே நிற்க வேண்டும்?

தூரத்தை நாடா சொல்லும். அந்தத் தூரம் எப்படி உருவானது என்பதற்குப் படம் வேண்டும். எழும்பும் காலைத் தரையில் ஊன்றி எடுப்பதற்குத் தேர்ந்த வீரர்களுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.12 நொடி. சாதாரணக் காணொலியில் நொடிக்கு 30 படங்கள். அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு படங்கள்தான் கிடைக்கும். இப்போது பல கைபேசிகளில் உள்ள ஸ்லோ மோஷன் வசதியில் நொடிக்கு 120 அல்லது 240 படங்கள் எடுக்கலாம். 240 என்றால் அதே நேரத்துக்குள் சுமார் 29 படங்கள் கிடைக்கும். கால் ஊன்றுவதையும் முழங்கால் மடங்கி நிமிர்வதையும் மாணவரே நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

படமெடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. கைபேசி ஓடும் திசைக்குச் செங்குத்தாக, பலகைக்கு நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். சாய்வாக நின்று எடுத்தால் கோணங்கள் தவறாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் அளவுகோலைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழையை நினைவூட்டலாம்.

2. எட்டு முதல் பத்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், அசையாமல் இருக்க வேண்டும். ஒரு மேசையும் இரண்டு செங்கல்லும் போதும். கையில் பிடித்துக்கொண்டு ஓடுபவரைப் பின்தொடரக் கூடாது.

3. ஓடுபாதைக்கு அருகே ஒரு மீட்டர் கோலைப் படத்துக்குள் தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு படத்தில் தூரங்களை அளக்க அதுவே அளவுகோல்.

4. சூரியன் கைபேசிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

மேலும் ஆழமாகச் செல்ல விரும்பினால் கினோவியா, டிராக்கர் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. காணொலியை ஏற்றி, மூட்டுகளில் புள்ளி வைத்தால் கோணத்தையும் வேகத்தையும் அவை கணக்கிடும். டிராக்கர் இயற்பியல் கற்பித்தலுக்காகவே உருவாக்கப்பட்டது. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கலாம்.

45 பாகை ஏன் இல்லை?

பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எறியப்பட்ட பொருள் அதிகத் தூரம் செல்ல 45 பாகையில் எறிய வேண்டும் என்று படிக்கிறோம். அப்படியானால் நீளம் தாண்டுபவரும் 45 பாகையில் எழும்ப வேண்டும் அல்லவா? உலகின் சிறந்த வீரர்கள் எழும்புவது ஏறத்தாழ 20 பாகையில்தான். ஏன்?

45 பாகை என்றால் கிடைமட்ட வேகமும் செங்குத்து வேகமும் சமமாக இருக்க வேண்டும். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் எழும்பிச் செல்பவர், மேல்நோக்கியும் நொடிக்கு 9 மீட்டர் வேகம் பெற வேண்டும். 9-இன் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் அவரது உடலின் நிறை மையம் 4.1 மீட்டர் உயர வேண்டும் என்று விடை வரும். உயரம் தாண்டுதலில் உலக சாதனையே 1993-இல் கியூபாவின் சோட்டோமாயர் தாண்டிய 2.45 மீட்டர்தான். நிற்கும்போதே ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் நிறை மையத்தை அவர் உயர்த்தியது அதில் பாதியளவுதான் இருக்கும். ஆக, 45 பாகையை எட்ட ஒரே வழி ஓட்ட வேகத்தைக் குறைப்பது. குறைத்தால் தூரமும் குறையும். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தில் கிளம்பும். மனிதக் கால் அப்படி அல்ல.

இந்தக் கணக்கு மைதானத்துக்கும் பயன்படுகிறது. ‘மேலே எம்பு, மேலே எம்பு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மாணவர் பலகையில் வேகத்தை நிறுத்திவிட்டு எம்பப் பார்ப்பார். ஓடி வந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு எழும்புவதே நீளம் தாண்டுதலின் சாரம்.

ஒரு முயற்சிக்கு ஒரு குறிப்பு

காணொலியைப் பார்த்ததும் பத்துக் குறைகள் நம் கண்ணில் படும். பத்தையும் சொன்னால் மாணவர் ஒன்றையும் செய்ய மாட்டார். ஒரு முயற்சிக்கு ஒரு குறிப்பு என்பதே நாங்கள் வைத்திருக்கும் விதி.

அந்தக் குறிப்பை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகளில், உடல் உறுப்பின் மீது கவனத்தை வைப்பதைவிட, அசைவின் விளைவின் மீது கவனத்தை வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள் என்று கண்டார்கள். ‘முழங்காலை நீட்டு’ என்பதைவிட ‘மணலில் போட்ட அந்தக் கோட்டைத் தாண்டிக் குதிகாலை வை’ என்பது மேல்.

எங்கள் எல்லைப் பகுதியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் பலர் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தெலுங்கில் ‘தூகு’ என்றால் குதி. ‘காலைத் தூக்கு’ என்று நாம் வேகமாகச் சொல்வது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். மணலில் ஒரு கோடு, பாதையில் ஒரு வண்ணக் கயிறு, காணொலியில் நிறுத்திவைத்த ஒரு படம் ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

எல்லா உடலுக்கும் ஒரே வார்ப்பு இல்லை

அசைவுப் பகுப்பாய்வில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு சாதனையாளரின் படத்தை வைத்துக்கொண்டு எல்லா மாணவரையும் அதே வடிவத்துக்குள் திணிக்கப் பார்ப்பது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டி உயரம் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வென்றபோது, அது அன்றைய பாடப்புத்தக முறைக்கு எதிரானது. இன்று அதுவே பாடப்புத்தக முறை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலது காலில் நிரந்தர ஊனம் அடைந்தவர். அவரிடம் உயரம் தாண்டும் திறன் இருப்பதைக் கண்டு ஊக்குவித்தவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவரது அசைவை இரண்டு கால்களும் ஒரே மாதிரி இயங்கும் வீரரின் படத்தோடு ஒப்பிட்டு ‘தவறு’ என்று குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒப்பிட வேண்டியது ஒரு மாணவரை அவரது சென்ற வாரத்தோடுதான். ‘இவனுக்கு விளையாட்டு வராது’ என்ற தீர்ப்பை எழுதும் முன் நாம் எதை அளந்தோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

படிகள் சொல்லும் பாடம்

திருத்தணி முருகன் கோயில் மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்லி வளர்ந்தவர்கள் எங்கள் மாணவர்கள். வேலை, திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஏற்றம் 54.75 மீட்டர். 40 கிலோ எடையுள்ள மாணவர் செய்யும் வேலை 40 × 9.8 × 54.75, அதாவது ஏறத்தாழ 21,460 ஜூல். ஆறு நிமிடத்தில் ஏறினால் திறன் சுமார் 60 வாட். ஒரு பழைய குண்டு பல்பு. அடுத்த முறை பெற்றோருடன் கோயிலுக்குச் செல்லும்போது படிகளின் உண்மையான உயரத்தை அளந்துவந்து கணக்கைத் திருத்துவது வீட்டுப்பாடம்.

ஏறும்போது மூச்சு வாங்குகிறது; ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. இப்படி நீளும்போது தாங்கும் வேலை, தசையில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்கி, ஓரிரு நாள் கழித்து வலியாகத் தெரிகிறது. ஆகவே படி ஏறும் பயிற்சி கொடுத்தால், இறங்கும்போது ஓட விடக்கூடாது. பக்தர்கள் நடக்கும் படிகளில் பயிற்சி வேண்டாம். பள்ளியின் மாடிப்படி போதும்.

வளரும் பிள்ளைகளின் முழங்காலையும் கவனிக்க வேண்டும். வேகமாக உயரம் கூடும் வயதில், முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முனையில் வலியும் வீக்கமும் வருவது உண்டு. தாண்டுதல் அதைக் கூட்டும். வலி என்று சொல்லும் பிள்ளையைத் தாண்டச் சொல்லாமல், அளவு எழுதும் பொறுப்பைக் கொடுத்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நாளில் முழு வேகத் தாண்டல் ஆறு அல்லது எட்டுக்கு மேல் வேண்டாம்.

வெயில் மற்றொரு செய்தி. கோடையில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்கள் நமக்குப் பழகியவை. பயிற்சி காலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ இருக்கட்டும். விடுமுறைக்குப் பிறகு முழுப் பயிற்சிக்கு வர இரண்டு வாரம் படிப்படியாக ஏற்ற வேண்டும். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நீரால் குளிர்வித்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளியில்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கேமராவும் குழியும் தேவையில்லை. மண் தரையில் ஒரு கோடு போதும். முதலில் குழந்தைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து தாண்டட்டும். அடுத்து, கைகளை வீசித் தாண்டட்டும். இரண்டையும் சாணால், அடியால், பிறகு அளவுகோலால் அளக்கட்டும். கை வீசியபோது ஏன் அதிகத் தூரம் என்ற கேள்வியைக் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் இறங்கும்போது யார் சத்தமில்லாமல் இறங்குகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி இறங்குபவர் சத்தமில்லாமல் இறங்குவார். பத்தாம் வகுப்பில் கணத்தாக்கு என்று படிக்கப்போவதை அவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே காதால் கேட்டுவிடுகிறார்கள்.

படமெடுக்கும் முன்

காணொலி எடுப்பதில் நாங்கள் கண்டிப்பாகப் பின்பற்றுபவை: தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பெறுகிறோம். மாணவியரை மாணவியரோ ஆசிரியையோ மட்டுமே படமெடுக்கிறார்கள். மாணவியர் தங்களுக்கு வசதியான உடையில் இருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இடுப்புக்குக் கீழே கால்களை மட்டும் எடுத்தாலே போதும். எந்தக் காணொலியும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போவதில்லை. அந்த மாணவர் பார்த்துக் குறிப்பு எழுதியதும் அழித்துவிடுகிறோம். ‘வேண்டாம்’ என்று சொல்பவருக்கு நாடாவும் சுண்ணாம்பும் இருக்கின்றன.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: யாரையும் திருத்தாமல் இரண்டு தூரங்களையும் இடைவெளியையும் மட்டும் அளந்து எழுதுதல். இரண்டாம் வாரம்: சராசரி, வீச்சு கணக்கிட்டு, குறியை நகர்த்த வேண்டியவர், ஓட்டத்தைச் சீராக்க வேண்டியவர் என இரு குழுவாகப் பிரித்தல். மூன்றாம் வாரம்: ஸ்லோ மோஷன் படம், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறிப்பு. நான்காம் வாரம்: மறுபடியும் அளந்து, முதல் வாரத்தோடு ஒப்பிடுதல்.

இதற்கு வாரத்தில் ஓர் உடற்கல்விப் பாடவேளையும் ஓர் அறிவியல் அல்லது கணிதப் பாடவேளையும் போதும். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள இடங்களில் இது இன்னொரு வகையிலும் உதவும். கணித ஆசிரியர் தம் பாடவேளையை மைதானத்துக்குக் கொண்டுவருவார். குடியரசு தினத் தடகளப் போட்டிகளுக்கான பள்ளித் தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள். தேர்வு நாளன்று பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, பலகையில் தொலைந்த தூரத்தையும் எழுதுங்கள். உங்கள் பட்டியலில் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருப்பவர் யார் என்று அப்போது பாருங்கள்.